விமான நிறுவனங்கள் இணையும்போது ஊழியர்களுக்கு என்ன ஆகும்? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து சென்னை, பெங்களூரு விமான நிலையங்களுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர். செக்-இன் கவுன்டர், பேக்கேஜ், விமானம் நிற்கும் தளமான ராம்ப், கேபின் க்ரூ, பராமரிப்பு என்று எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள். 2024-இல் மட்டும் இரண்டு இணைப்புகள் நடந்தன. அக்டோபர் 1-இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் ஏஐஎக்ஸ் கனெக்ட், அதாவது பழைய ஏர் ஏசியா இந்தியா, சேர்ந்தது. நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவுடன் விஸ்தாரா சேர்ந்தது. விமான நிலையத் தரைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அந்தச் சமயம் தொடங்கி இந்தப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இணைப்பு என்று செய்தி வந்த அன்றே எல்லாம் ஒன்றாகிவிடுமா?

இல்லை. விஸ்தாரா இணைப்பை அறிவித்தது 2022 நவம்பர் 29-இல். போட்டி ஆணையம் 2023 செப்டம்பரில் சம்மதித்தது. கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் 2024 ஜூனில் சம்மதித்தது. விஸ்தாரா என்ற பெயரில் விமானம் பறந்த கடைசி நாள் 2024 நவம்பர் 11. ஏறத்தாழ இரண்டு வருடம் ஊழியர்கள் அந்தரத்தில் இருந்தார்கள். இணைப்பில் மனத்தை அதிகம் அரிப்பது இந்தக் காத்திருப்புதான்.

வங்கி இணைப்பை நம் ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். 2020 ஏப்ரல் 1-இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடன் சேர்ந்தது. பாஸ்புக் மாறியது, ஐஎஃப்எஸ்சி மாறியது, ஆனால் இரண்டு கிளைகளும் சில காலம் தத்தம் கட்டடத்தில் தத்தம் பழக்கத்தோடு நடந்தன. விமானத்தில் அந்த வசதி வெகுநாள் கிடைக்காது. என்றாவது ஒரு நாள் அந்தப் பக்கத்துக் கேப்டனும் இந்தப் பக்கத்துத் துணை விமானியும் ஒரே காக்பிட்டில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

ஒன்றாக வேண்டியவையும் பல: கம்பெனி, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ தரும் இயக்கச் சான்றிதழ், முன்பதிவுக் கணினி, சீருடை, சம்பள முறை, சீனியாரிட்டிப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு. உங்கள் நிறுவனத்தில் எது எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத மேலாளரிடமிருந்து வேறு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அவருக்கு மேலே இருப்பவரிடம் போங்கள்.

மேலிடம் 'பணிக் கலாசாரம்' என்று சொல்கிறதே, அது என்ன?

மேலிடத்திலிருந்து யாரும் கேட்காதபோது நீங்கள் என்ன முடிவெடுக்கிறீர்களோ, அதுதான்.

நமக்குப் பழக்கமான ஒரு காட்சியைச் சொல்கிறேன். கொல்கத்தா, ராஞ்சி, குவஹாத்தி பக்கமிருந்து வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பலர் சென்னையில் இறங்கி, 130 கிலோமீட்டர் ரயிலில் காட்பாடி வருகிறார்கள். திரும்பிப் போகும்போது டிக்கெட் ஒரு தேதிக்கு இருக்கும். டாக்டர் இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொல்லியிருப்பார். வீட்டார் சென்னைக் கவுன்டரில் வந்து நிற்பார்கள். கையில் டிஸ்சார்ஜ் தாள் இருக்கும், கட்டணம் கட்டப் பணம் இருக்காது. முழுச் சேவை நிறுவனத்தில் வளர்ந்த ஊழியர் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லி மாற்றுக் கட்டணத்தைத் தள்ளிக் கொடுத்துவிடுவார். குறைந்த கட்டண நிறுவனத்தில் வளர்ந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். அவருக்கு இரக்கம் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தக் கட்டணங்களைக் கறாராக வாங்குவதால்தான் அங்கே டிக்கெட் விலை அவ்வளவு குறைவாக இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

இணைந்த பிறகு இவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கவுன்டரில் உட்காருகிறார்கள். 'அவர் செய்து கொடுத்தார், நீங்கள் ஏன் மாட்டேன் என்கிறீர்கள்' என்று பயணி கேட்கிறார். அன்று மாலை ஓய்வறையில் ஒருவர் மற்றவரைக் கல்நெஞ்சக்காரர் என்கிறார். அவர் இவரைக் கம்பெனிப் பணத்தைத் தண்ணீராக விடுகிறவர் என்கிறார். இரண்டு பேரும் தத்தம் பழைய நிறுவனத்துக்கு விசுவாசமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். கவுன்டர் ஊழியர் தானே எதுவரை முடிவெடுக்கலாம், எவ்வளவு தொகை வரை விட்டுக்கொடுக்கலாம் என்று நிர்வாகம் முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. டவுன்ஹால் என்கிற எல்லா ஊழியர் கூட்டத்தில் 'நாம் ஒரே குடும்பம்' என்று பேசுவதைவிட அந்த ஒரு பக்கச் சுற்றறிக்கைக்கு மதிப்பு அதிகம்.

ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் இணைப்பு ஏன் அவ்வளவு கசந்தது?

இரண்டும் அப்போது அரசு நிறுவனங்கள். 1953-இல் விமானப் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கியபோது ஒரே சமயத்தில் உருவானவை. ஒன்று வெளிநாட்டுக்கு, மற்றது உள்நாட்டுக்கு. ஐம்பது வருடத்துக்கு மேல் தனித்தனியாகவே வளர்ந்தன. ஏர் இந்தியா பெரும்பாலும் போயிங் ஓட்டியது, இந்தியன் ஏர்லைன்ஸ் பெரும்பாலும் ஏர்பஸ். சம்பளக் கணக்கு வேறு, படிகள் வேறு, கேப்டன் ஆகக் காத்திருக்கும் காலம் வேறு, யூனியனும் வேறு. 2007-இல் இரண்டையும் ஒரே கம்பெனியாக்கினார்கள். பெயர்ப்பலகை மாறியது, சம்பளமும் பதவி உயர்வும் பழையபடியே இரண்டு தடத்தில் ஓடின.

விளைவு சில வருடத்தில் தெரிந்தது. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும் என்று பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் 2011 ஏப்ரல் கடைசியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து நாள் நீடித்தது. அதற்குப் பிறகுதான், அதாவது இணைப்பு நடந்து நான்கு வருடம் கழித்து, ஊழியர் பிரச்சினைகளைப் பார்க்க ஓய்வு பெற்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை 2012 ஜனவரியில் வந்தது. அதே வருடம் மே மாதம் மறுபக்கம் வெடித்தது. புதிதாக வரவிருந்த போயிங் 787 ட்ரீம்லைனரில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பயிற்சி தருவதை எதிர்த்து, பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைக்கு வரவில்லை.

இந்த இரண்டு போராட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு தரப்பு 'எங்களுக்கும் அவர்களுக்குக் கொடுப்பதைக் கொடு' என்றது. அடுத்த தரப்பு 'எங்களுடையதை அவர்களுக்குக் கொடுக்காதே' என்றது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: யார் எங்கே நிற்கிறார் என்று 2007-இலேயே சொல்லாமல் விட்டது. விமானிகள் பேராசைக்காரர்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினைந்து வருடம் வரிசையில் நின்றவரின் இடத்தை ஐந்து வருடம் கேள்விக்குறியாகவே வைத்திருந்தால் எந்த மனிதருக்கும் பொறுமை போகும்.

சீனியாரிட்டிப் பட்டியலுக்கு ஏன் இவ்வளவு அடிதடி?

விமானத் துறையில் சீனியாரிட்டி என்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. பல நிறுவனங்களில் எந்த ரூட், எந்த ஷிஃப்ட், எந்த ஊர் பேஸ் (பணி தொடங்கும் விமான நிலையம்), தீபாவளிக்கு லீவு யாருக்கு, எப்போது கேப்டன் அல்லது சீனியர் க்ரூ என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. ஆட்குறைப்பு வந்தால் பட்டியலின் கடைசியிலிருந்து எடுப்பார்கள். அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கையோடு எடுத்துப் போகவும் முடியாது.

இரண்டு பட்டியலை ஒன்றாக்க வழிகள் சில உண்டு. வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி அடுக்கலாம். இரு பக்கத்திலும் எத்தனை கேப்டன், எத்தனை துணை விமானி என்று பார்த்து விகிதப்படி ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கலாம். அல்லது வாங்கப்பட்ட நிறுவனத்தின் ஆட்கள் அனைவரையும் அடியில் கொண்டுபோய் ஒட்டிவிடலாம். மூன்றாவதைத்தான் அமெரிக்காவில் 2001-இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது கேபின் க்ரூவுக்குச் செய்தார்கள். இருபது, முப்பது வருடம் பறந்தவர்கள் நேற்றுச் சேர்ந்தவருக்குக் கீழே போனார்கள். அதே வருடம் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வெளியே போனதும் அவர்களே. அந்த அநியாயம்தான் 2007-இல் அங்கே ஒரு சட்டத்துக்குக் காரணமானது. மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம் என்பார்கள். இணைப்பில் சீனியாரிட்டியை நியாயமான முறையில் கோக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்கிறது.

நடுவர் வந்தாலே தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2005-இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட் என்ற விமான நிறுவனமும் இணைந்தன. விமானிகளின் பட்டியல் குறித்து நிக்கலாவ் என்ற நடுவர் 2007-இல் தீர்ப்புச் சொன்னார். சேர்ந்த தேதிதான் அளவுகோல் என்று நம்பிய யுஎஸ் ஏர்வேஸ் தரப்பு அதை ஏற்கவில்லை. பழைய யூனியனையே தூக்கிவிட்டுப் புது யூனியன் தொடங்கியது. வழக்குக்கு மேல் வழக்கு. 2013-இல் அந்த நிறுவனமே அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்த பிறகும் பழைய யுஎஸ் ஏர்வேஸ் ஆள் 'கிழக்கு விமானி', அமெரிக்கா வெஸ்ட் ஆள் 'மேற்கு விமானி' என்ற பிரிவு தொடர்ந்தது. பெயர் ஒன்று, சின்னம் ஒன்று, காக்பிட்டுக்குள் மட்டும் இரண்டு கம்பெனி.

யாராவது சரியாகச் செய்திருக்கிறார்களா?

டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2008-இல் இணைந்ததைச் சொல்வேன். இணைப்பு சட்டப்படி முடிந்தது அந்த வருடம் அக்டோபர் 29-இல். அதற்கு முன்பே இரு பக்க விமானிகளோடும் பேசி ஒரே சம்பள ஒப்பந்தத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். சீனியாரிட்டியை நடுவர் குழுவிடம் விட்டு, டிசம்பரிலேயே முடித்தார்கள். 2009 டிசம்பர் 31-இல் ஒரே இயக்கச் சான்றிதழ். டெல்டாவின் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஆண்டர்சன் முன்பு நார்த்வெஸ்டுக்கும் தலைவராக இருந்தவர். அந்தப் பக்கத்து ஆட்களை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். இது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம், ஆனால் பலன் கொடுத்தது.

முழுக்க இனிப்பும் இல்லை. நார்த்வெஸ்ட் கேபின் க்ரூவுக்கு யூனியன் இருந்தது, டெல்டா க்ரூவுக்கு இல்லை. 2010-இல் எல்லோரும் சேர்ந்து வாக்களித்தபோது யூனியன் வேண்டும் என்ற தரப்பு குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. பல பத்தாண்டாக யூனியனோடு வாழ்ந்தவர்கள் அதை இழந்தார்கள். டெல்டாவைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2024-இல் ஏன் அத்தனை பேர் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்றார்கள்?

இரண்டு சம்பவம். ஏப்ரலில் விஸ்தாரா விமானிகள். அதுவரை மாதம் 70 மணி நேரப் பறப்புக்கு நிலையான சம்பளம் இருந்தது. இணைப்பை ஒட்டி எல்லோருக்கும் ஒரே முறை என்று அதை 40 மணி நேரமாகக் குறைத்தார்கள். அதற்கு மேல் பறந்தால் மணிக்கணக்கில் காசு உண்டு. ஆனால் மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவருக்கு 'பறந்தால் உண்டு' என்பது போதாது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின.

மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் க்ரூ. இணைப்புச் சமயத்தில் சம்பளத்திலும் நடத்தும் விதத்திலும் குறை இருக்கிறது என்றார்கள். நிர்வாகம் சுமார் 25 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மே 9 அன்று டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிர்வாகம் ஒப்புக்கொண்டது, க்ரூவும் வேலைக்குத் திரும்பினார்கள்.

பயணிகள் அவதிப்பட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே மேசையில் ஒரு நாள் உட்கார்ந்து பேசித் தீர்க்க முடிந்த விஷயம் அது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த மேசையை முன்பே போட்டிருக்கலாம்.

ஓய்வு வயது இரண்டு நிறுவனத்திலும் வேறாக இருந்தால்?

பெரிய தலைவலி. விஸ்தாராவில் 60, ஏர் இந்தியாவில் 58. ஒரே சீருடை போட்ட இருவரில் ஒருவர் இரண்டு வருடம் முன்னால் வீட்டுக்குப் போவதா? 2025 ஆகஸ்டில் ஏர் இந்தியா விமானிகளுக்கு 65 என்றும், பறக்காத பணியாளர்களுக்கு 60 என்றும் உயர்த்தியது. மேல் அளவுக்குச் சமன் செய்தால் சண்டை அடங்கும். கீழ் அளவுக்குச் செய்தால் வேலைக்கு வந்தாலும் மனசு வராது.

இரண்டு நிறுவனத்துப் பழக்கம் கலந்தால் விமானப் பாதுகாப்புக்கு ஆபத்து இல்லையா?

பெற்றோர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கேள்வி நியாயமானது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு விமானிகள் முன்பின் பழகாதவர்களாக இருந்தாலும் சேர்ந்து ஓட்ட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் எஸ்ஓபி எனப்படும் நிலையான செயல்முறை. யார் எந்தப் பொத்தானைத் தொடுவது, எந்தச் செக்லிஸ்டை எப்போது வாசிப்பது, எந்தச் சொல்லில் சொல்வது, அடுத்தவர் எந்தச் சொல்லில் பதில் தருவது என்பதெல்லாம் எழுதி வைத்தது. இரு நிறுவனமும் ஒரே ரக ஏர்பஸ் ஓட்டினாலும் இந்தச் சொற்களிலும் வரிசையிலும் சிறு வித்தியாசம் இருக்கும். அழுத்தமான ஒரு நொடியில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். அதனால் இரண்டிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துப் புதிதாக ஒன்று செய்வது ஆபத்து. ஒன்றை முழுசாக எடுத்துக்கொண்டு, எல்லோரையும் அதில் சிமுலேட்டரில் பழக்கி, பிறகுதான் கலந்து உட்கார வைக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் அதுவரை இரண்டு க்ரூவையும் தனித்தனியாகவே பறக்க விடும். விஸ்தாராவின் விமானங்களை ஏஐ 2 என்று தொடங்கும் எண்ணில் தனியாக ஓடவிட்டதில் பயணிகளுக்குப் பழைய சேவை கிடைத்தது. அவசரப்பட்டுக் கலக்க வேண்டிய நெருக்கடியும் குறைந்தது. எனக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடாகவே தெரிகிறது.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. வாய் திறப்பது. 1977 மார்ச் 27-இல் கேனரி தீவுகளில் டெனெரிஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ என்று, மோதிய இரண்டில் ஒன்றான கேஎல்எம் நிறுவன விமானத்தின் காக்பிட்டில் இருந்த பொறியாளர் கேட்டார். அனுபவம் மிக்க கேப்டன் உறுதியான குரலில் பதில் சொல்லவே, அதற்கு மேல் யாரும் தடுக்கவில்லை. கீழே இருப்பவர் தயங்காமல் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் காது கொடுக்க வேண்டும் என்ற பயிற்சி உலகம் முழுவதும் வந்ததற்கு இத்தகைய விபத்துகள்தான் காரணம். இணைப்புக்குப் பிறகு முதல் சில மாதம் 'புது ஆள் என்ன நினைப்பாரோ' என்ற தயக்கம் எல்லோருக்கும் கூடும். வாங்கப்பட்ட நிறுவனத்து ஆளுக்கு இன்னும் அதிகம் கூடும். அப்போது பேசுவதற்குத்தான் துணிச்சல் வேண்டும். கதவு சரியாக மூடவில்லை என்று தோன்றினால் லோடரும் சொல்லலாம், சொல்லியே தீர வேண்டும்.

எங்கள் பழைய இடத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். புது மேலாளர் 'சார்' எதிர்பார்க்கிறார். என்ன செய்வது?

சார் என்று கூப்பிட்டுவிட்டுப் போங்கள். அது பெரிய விஷயம் இல்லை. 'சார், இந்தப் பெட்டியின் எடை தவறாக எழுதியிருக்கிறது' என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் பெரிய விஷயம். நம் ஊரில் மூத்தவரை அண்ணா, அக்கா, சார், மேடம் இல்லாமல் கூப்பிட நாக்கு வராது. அதில் குறையும் இல்லை. கொரியாவிலும் பேச்சிலேயே மரியாதைப் படிகள் உண்டு. கொரியன் ஏர் 1997 குவாம் விபத்துக்குப் பிறகு சில வருடத்தில் காக்பிட் பயிற்சியை அடியோடு மாற்றியது. இன்று பாதுகாப்பில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஆசியானாவையும் வாங்கி, இணைக்கும் வேலையைத் தொடங்கியது. மரியாதை இருக்கட்டும், வாயை மட்டும் அது கட்டக் கூடாது.

மறுபக்கம் மேலாளராக இருப்பவர்களுக்கு: பெயர் சொல்லிப் பழகிய பிள்ளை திமிர் பிடித்தவள் அல்ல. அப்ரைசலில் அதைக் கணக்கு வைக்காதீர்கள்.

சீருடை மாறுவதற்கெல்லாம் ஏன் வருத்தப்படுகிறார்கள்?

வேலூர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா! மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத் தூணைத் தினமும் கடந்து போகிறோம். 1805-இல் சென்னைப் படைக்குக் கொண்டுவந்த புது உடை விதி நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி மழி, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணி என்றது. திப்புவின் குடும்பம் கோட்டையில் இருந்தது உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் எழுந்ததற்கு அந்த உடை விதி முக்கியமான காரணம். எதிர்ப்புச் சொன்னவர்களைக் கேட்காமல் தண்டித்தார்கள் என்பது அதைவிட முக்கியம்.

விமான நிறுவனத்தில் அந்த அளவுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் விஸ்தாராவின் கத்தரிப்பூ நிறத்தைக் கழற்றிவிட்டு வேறு உடை போட்ட அன்று அழுதவர்களை எனக்குப் புரிகிறது. முதல் சம்பளம், முதல் விமானம், வீட்டில் மாட்டிய முதல் புகைப்படம் எல்லாம் அந்த நிறத்தில் இருக்கின்றன. நிர்வாகம் செய்யக்கூடியது எளிது. துணி, தையல், செருப்பின் உயரம், பொட்டு, தலைமுடி பற்றிய விதிகளை முடிவு செய்யும் முன் போட்டுக்கொண்டு வேலை செய்யப் போகிறவர்களைக் கேட்க வேண்டும். பழைய சீருடையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள விரும்பினால், பாதுகாப்பு விதி இடம் தந்தால், விட்டுவிட வேண்டும்.

தலைமை அலுவலகம் குருகிராம். கூட்டமெல்லாம் இந்தியில் நடக்கிறது. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

சொல்லுங்கள். வேலை விதி, பாதுகாப்பு, சம்பளம் பற்றிய கூட்டம் எல்லோருக்கும் புரியும் மொழியில் நடக்க வேண்டும். நம் நாட்டு விமானத் துறையில் அது ஆங்கிலம். 'குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள்' என்று மின்னஞ்சலில் கேட்டால் யாரும் மறுக்க முடியாது. சென்னை பேஸில் ராம்ப் ஊழியர்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்வதும் நியாயமான கோரிக்கை. இந்தி கற்றுக்கொள்வது உங்களுக்கு லாபம், அது வேறு விஷயம்.

நான் ஏஜென்சி மூலம் வேலை செய்கிறேன். இணைப்பில் எனக்கு என்ன இடம்?

உண்மையைச் சொன்னால், மிகக் குறைந்த இடம். விமானத்தின் அடியில் நிற்பவர்களில் பெரும்பகுதி விமான நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் அல்ல. தரைச்சேவை கம்பெனி அல்லது அதற்கும் கீழே ஒரு ஏஜென்சி. சீனியாரிட்டிப் பட்டியலில் இவர்கள் பெயர் வராது, டவுன்ஹாலுக்கு அழைப்பும் வராது. இரு நிறுவனத்துக்கும் வேறு வேறு தரைச்சேவை கம்பெனி இருந்தால், இணைந்த பிறகு ஒன்றின் ஒப்பந்தம் முடிந்துபோகும். எட்டு வருடம் மூட்டை தூக்கியவர் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் வேலையை இழப்பார். இணைப்பைப் பற்றிய பேச்சில் இவர்கள் வராமல் போவது எனக்கு ஆறாத கோபம். இறங்கிய விமானம் மறுபடி கிளம்புவதற்கான டர்ன்அரவுண்ட் நேரத்துக்குள் விமானம் கிளம்புவது இவர்கள் முதுகில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் சம்பளச் சீட்டில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது, பிஎஃப், இஎஸ்ஐ யார் கட்டுகிறார்கள் என்று இன்றே பாருங்கள். ஒப்பந்தம் கைமாறினால் புதிய கம்பெனி பழைய ஆட்களை எடுத்துக்கொள்ளுமா என்று கூட்டாக, எழுத்தில் கேளுங்கள். விமான நிறுவனங்கள் மத்திய தொழிலாளர் ஆணையர் அமைப்பின் வரம்பில் வருகின்றன. சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. தனியாகப் போவதைவிட பத்துப் பேர் கையெழுத்தோடு போவது நல்லது.

கிரிக்கெட் போட்டி, விருந்து, டீம் பில்டிங் எல்லாம் உதவுமா?

பட்டியலும் சம்பளமும் முடிவான பிறகு உதவும். அதற்கு முன் வைத்தால் இரண்டு பக்கமும் தனித்தனி மேசையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

எல்லாம் சரியாக எவ்வளவு காலம் ஆகும்?

நிர்வாகம் சொல்வதைவிட அதிகம். யுனைடெட்டும் கான்டினென்டலும் 2010-இல் இணைந்தன. கேபின் க்ரூவுக்கு ஒரே ஒப்பந்தம் வந்தது 2016-இல். இரு பக்கத்து க்ரூவும் ஒரே விமானத்தில் கலந்து பறக்கத் தொடங்கியது 2018-இல்.

நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். முதல் வாரம் என்ன செய்யட்டும்?

ரோஸ்டரைக் கையில் எடுங்கள். இரவு ஷிஃப்டும் ஞாயிறு டியூட்டியும் பழைய எந்த நிறுவனத்து ஆட்களுக்கு அதிகம் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கணினி போட்டது என்று சொல்லி விடாதீர்கள். அந்த வாரம் எல்லோரும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அப்புறம், பிரீஃபிங்கில் 'எங்கள் பக்கம்', 'உங்கள் பக்கம்' என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. ஒரு வேலையை அவர்கள் வேறு விதமாகச் செய்தால், ஏன் அப்படி என்று முதலில் கேளுங்கள். சில சமயம் அவர்கள் வழி நல்லதாக இருக்கும். அதை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு எடுத்துக்கொண்டால், அந்த ஒரு செயலுக்கு ஒரு வருடப் பலன் உண்டு. பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் எழுதிய விதி என்ன சொல்கிறதோ அதுதான், யார் வழியும் இல்லை.

வீடு தூரமாக உள்ளவர்களை மறக்காதீர்கள். பேஸ் மாற்றினால் குடியாத்தத்திலிருந்து வரும் பெண் எந்த ரயிலைப் பிடிப்பாள் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.

இணைப்பு நடக்கும் நிறுவனத்தில் மகளைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். புதிதாகச் சேர்பவருக்கு எந்தப் பக்கத்துப் பழைய கணக்கும் கிடையாது. நியமனக் கடிதத்தில் எந்தக் கம்பெனி பெயர், எந்த பேஸ், பயிற்சிக் காலத்துக்குப் பாண்டு உண்டா என்பதை மட்டும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

சட்டத்தில் எனக்குப் பாதுகாப்பு உண்டா? என்னென்ன காகிதம் வைத்துக்கொள்ள வேண்டும்?

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்தகராறுச் சட்டம் 1947-இன் 25எஃப்எஃப் பிரிவு வகுத்த கொள்கையைத் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020-லும் இந்தக் கொள்கை தொடர்கிறது. நிறுவனம் கைமாறினால் தொழிலாளியின் பணித் தொடர்ச்சி அறக் கூடாது. புதிய இடத்தில் நிபந்தனைகள் பழையதைவிடக் குறையக் கூடாது. பின்னால் ஆட்குறைப்பு வந்தால் பழைய வருடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு இழப்பீடு தரப் புதிய முதலாளி பொறுப்பேற்க வேண்டும். இவை இல்லையென்றால் மாற்றத்தின்போதே இழப்பீடு தர வேண்டும். நீங்கள் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருகிறீர்களா என்பது பதவியைப் பொறுத்தது; அதை ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

கையில் பழைய நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், இணைப்புக்கு முந்தைய ஒரு வருடச் சம்பளச் சீட்டு, மீதமுள்ள லீவுக் கணக்கு, பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றின் நகலும் இருக்கட்டும். அலுவலக மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். கணினி மாறும் அன்று அந்தக் கணக்கு பூட்டிக்கொள்ளும். புதிய கடிதம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பணியில் சேர்ந்த தேதி. இணைப்புத் தேதியைப் போட்டிருந்தால் கையெழுத்துப் போடாமல் திருத்தித் தரச் சொல்லுங்கள். கிராஜுவிட்டி அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். பிஎஃப்பில் அதே யுஏஎன் எண்ணில் புதிய கணக்குச் சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். பழைய கம்பெனி பெயர் போட்ட ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இரு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.